என் சிலிப்பரைத் திருடியவர்

முதலில் காணாமல் போனது என் பழைய சிலிப்பர். அடுத்த வாரம் பச்சை நூல் சேலை. அதற்கடுத்து அரை டஜன் கண்ணாடி வளையல். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கேட்டால், “இங்கதான் எங்கயாவது கிடக்கும் லா” என்று சோற்றைப் பிசைந்தபடியே சொல்வார் என் வீட்டுக்காரர் மதிவாணன். புளுகுகிறார் என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லாபிஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்களோடு சுற்றியே படிப்பைக் கோட்டை விட்டார். பிறகு சிங்கப்பூரில் படப்பிடிப்புகளுக்குப் பதினோரு வருஷம் மைக் பிடித்தார். தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வந்து அலுத்து, போன வருஷம் இந்தப் பக்கமே ஸ்கூடாயில் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனியில் சேர்ந்தார். என்ன வேலை என்று கேட்டால், “சத்தம் போடுற வேலை” என்பார். அதற்கு ஒரு கம்பெனி, ஒரு சம்பளம்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் கிளினிக் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். பக்கத்து நாற்காலி செல்லத்திடம் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன்.

“ஐயோ அலமாக்! எவளுக்கோ கொண்டுபோய்க் குடுக்கிறாரு. முழிச்சுக்க, கஸ்தூரி,” என்றாள்.

பிய்ந்த சிலிப்பரை எவள் வாங்கிக்கொள்வாள் என்று எனக்கும் தோன்றியதுதான். ஆனால் வயிறு எரியும்போது புத்தி எங்கே வேலை செய்கிறது? பத்தொன்பது வருஷக் குடித்தனம். இந்த மனுஷனை எனக்குத் தெரியுமா, தெரியாதா என்றே குழம்பிப்போனேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் காரை நேராக அவர் கம்பெனிக்கு விட்டேன். ஸ்கூடாய் ரோட்டு ஜேமில் வண்டி நகராமல் முக்கால் மணி நேரம். கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி விண்விண்ணென்று தெறித்தது. கையும் களவுமாகப் பிடித்தால் என்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாடியேறி, சிவப்பு விளக்கு எரிந்த கதவை ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

உள்ளே எவளும் இல்லை. கால்சட்டைக்கு மேல் என் சேலையைச் சுற்றிக்கொண்டு, கையில் என் வளையல், காலில் என் சிலிப்பரோடு என் புருஷன் ஒரு சிமெண்டுப் பலகையில் நடந்துகொண்டிருந்தார். காலுக்குப் பக்கத்தில் மைக். எதிரே திரையில் ஒரு கார்ட்டூன் அம்மா கூடையோடு நடக்கிறாள். ஐயோ கடவுளே, இதற்கு எவளாவது இருந்திருக்கலாமே என்று ஆகிவிட்டது எனக்கு.

“என்னங்க இது கோலம்?”

“கதவைச் சாத்து, கஸ்தூரி. ரெக்கார்டிங் போகுது.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் பிரேமகுமார் ஓடி வந்தார். “அக்கா, வரைஞ்ச பொம்மைக்கு ஏது சத்தம்? காலடி, துணி, வளையல் எல்லாம் அண்ணன்தான் படத்தைப் பார்த்துக்கிட்டே போடுறாரு. இந்த அம்மா நடை ரெண்டு வாரமா வரல. இன்னிக்குத்தான் சரியா வந்துச்சு.”

“பொம்பளை நடைக்குப் பொம்பளையைக் கூப்பிட வேண்டியதுதானே? நகருங்க, நானே நடக்கிறேன்.”

சிலிப்பரை வாங்கி மாட்டிக்கொண்டு மூன்று தடவை நடந்தேன். பிரேமகுமார் ஹெட்போனைக் கழற்றினார். “கோவிச்சுக்காதீங்க அக்கா. இது வேற யாரோ நடக்கிற மாதிரி இருக்கு. அண்ணன் நடந்ததே இருக்கட்டும்.”

சிலிப்பர் என்னுடையது, கால் என்னுடையது. நடை மட்டும் எப்படி அவருடையதாகும்?

தன் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு அவர் என்னோடு காரில் ஏறினார். மறுபடியும் ஜேம்.

“அந்த நடையை எங்க புடிச்சீங்க?”

“உன்கிட்டதான். வேற யார் நடை எனக்குத் தெரியும்?”

“அப்ப நான் நடந்தா ஏன் சரியா இல்ல?”

“நீ அங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்த. வீட்ல அப்படி நடக்க மாட்ட லா.” டேஷ்போர்டில் இரண்டு விரலை நடக்கவிட்டுக் காட்டினார். ஒன்று தட்டியது, அடுத்தது உரசியது. “இடது கால் இழுக்குது. ரெண்டு வருஷமாச்சு. காலையில ரொம்ப. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன், சொல்லவே இல்ல.”

யாரிடமும் சொல்லாத வலி அது. கிளினிக்கிலேயே இருந்துகொண்டு டாக்டரிடமும் காட்டவில்லை.

“தெரிஞ்சுக்கிட்டே ஒரு வார்த்தை கேக்காம, அதைக் கொண்டுபோய் மைக்குல போட்டீங்களா?” என்று சீறினேன். கண்ணும் கலங்கிவிட்டது. அறைவதா, அணைப்பதா என்று தெரியவில்லை. அவர் என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் இறங்கி, வேண்டுமென்றே நிமிர்ந்து நடந்தேன். பின்னால் அவர் நின்றுவிட்டார். என் காலடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. நாலு அடிக்கு மேல் முடியவில்லை. ஐந்தாவது அடி தரையில் உரசிய சத்தம் முதல்முறையாக என் காதிலேயே விழுந்தது.

“வலிக்குதுங்க,” என்றேன்.