ஈசானி மூலையில் ஒரு டேட்டாபேஸ்

இன்று கீழ்வேளூர் பக்கம் ஒரு ரைஸ்மில் முதலாளியைப் பார்க்கப் போயிருந்தேன். மில்லுக்கு சாஃப்ட்வேர் கேட்டிருந்தார்.

கோடிங் தொடங்குமுன் வடிவமைப்புக்கு அவர் சரி சொல்ல வேண்டும். போன முறை காகிதத்தில் கட்டமும் அம்புக்குறியும் காட்டிக் கொட்டாவியைத்தான் வாங்கி வந்தேன். அதனால் இந்தத் தடவை டேப்லெட்டில் த்ரீடி மாதிரி. சாஃப்ட்வேரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு அறைபோல நிற்கும். விரலால் சுழற்றலாம், நகர்த்தலாம்.

முதலாளி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, மேல வடக்குதானே?"

யோசிக்காமல் "ஆமாண்ணே" என்றேன். அதுதான் தப்பு.

"வடகிழக்குல இந்தப் பெரிய ரூம் என்னது?"

"டேட்டாபேஸ்ண்ணே. நெல் வரத்து, ஸ்டாக் எல்லா விவரமும் இதுலதான் இருக்கும்."

"ஈசானி மூலையில இவ்வளவு பாரத்தையா வெப்பாங்க?"

சாமர்த்தியமாக மொத்தத்தையும் அரைவட்டம் திருப்பினேன். பாரம் தென்மேற்குக்குப் போய்விட்டது.

"இப்ப வாசல் தெக்க பாத்துடுச்சே!" வாசல் என்றது லாகின் பகுதியை.

பழையபடி திருப்பி வைத்தேன். டேட்டாபேஸை மட்டும் அவரே விரலால் இழுத்துத் தென்மேற்கில், கன்னி மூலையில் வைத்தார். இணைப்புக் கோடுகள் அறாமல் கூடவே நீண்டன.

"கட்டுன வீட்டுல ஒரு சுவத்த இப்படி நகத்த முடியுமா!" சிரித்தபடியே ஒப்புதல் கொடுத்துவிட்டார். நிபந்தனை ஒன்றுதான்.

"இனிமே யாரும் திருப்ப முடியாதபடி பூட்டிடுங்க."

பூட்டிவிட்டேன். ஆனால் நிஜ டேட்டா மும்பையில் ஒரு சர்வரில் உட்காரப்போகிறது. அது கீழ்வேளூருக்கு எந்த மூலை என்று அவர் கேட்பதற்குள், அதற்கொரு பரிகாரம் யாராவது சொல்லுங்களேன்.