கோர்ட்டுக் காகிதத்தில் பூசிய மஞ்சள்

போன ஆனி மாதம் எங்களுக்குக் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. ராசிபுரத்தில் வாடகை வீட்டின் முன்பக்கம் குடியிருந்து, பின்பக்கம் நான்கு விசைத்தறி ஓட்டுகிறோம். ஓனர் இறந்ததும் அவர் மகன் எங்களைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டார். ஒப்பந்தமே இல்லாமல் குடியிருக்கிறோமாம். அவர் அப்பாவே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எங்களிடம் இருந்தது. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீடு போனால் தறியும் போகும், பிழைப்பும் போகும்.

ஆடி இரண்டாம் வெள்ளிக்குள் எதிருரை கொடுக்க வேண்டும், தவறினால் நாங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும் என்றார் எங்கள் வக்கீலம்மா. அவரே எல்லாம் தட்டச்சு செய்து, நோட்டரி முத்திரை வாங்கி, ஒப்பந்தத்தின் ஜெராக்ஸையும் சேர்த்துக் கட்டி வைத்தார்.

"மாரியாத்தா காலடில வெச்சு எடுத்துட்டு வாரேனுங்க" என்று கேட்டு வாங்கிப் போனேன்.

சும்மா வைத்து எடுத்தேனா? புதுத் துணியோ, தறியில் ஏற்றும் புதுப் பாவு நூலோ, மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் தொடுவதில்லை. வீடே அல்லவா போகிறது, நான்கு மூலை போதுமா என்று பக்கத்துக்குப் பக்கம் குழைத்துப் பூசினேன். முத்திரை மேல் இன்னும் தாராளம். அம்மா, நீயே இதைச் சேர்த்துவிடு என்று கும்பிட்டேன்.

கெடு முடியும் அந்த வெள்ளிக்கிழமை காலை, நாமக்கல் கோர்ட்டில் கட்டைப் பிரித்த வக்கீலம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, இதென்ன கல்யாணப் பத்திரிகைங்களா? முத்திரையே தெரியலீங்களே. இத எப்படி வாங்குவாங்க?"

"நல்லதுக்குத்தானுங்க வெச்சேன்" என்றேன். அதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

"அழுவாதீங்க. மறுபடி அடிச்சு முத்திரை வாங்கிக்கலாம். ஒப்பந்தத்த மட்டும் புதுசா ஜெராக்ஸ் போட்டுக் கொண்டாங்க."

ஜெராக்ஸ் கடை வரை மாரியாத்தாளைத் திட்டாத திட்டில்லை. உனக்குக் கண் இருக்கிறதா என்றே கேட்டுவிட்டேன். "கடைக்காரரு பாக்கறாரு, மெதுவாத் திட்டு" என்றார் என் கணவர். சொல்லிக்கொண்டே பையிலிருந்து அசல் ஒப்பந்தத்தை எடுத்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"இது நம்ம பழைய ஊட்டுது புள்ள."

முன்பு அதே ஓனரின் இன்னொரு வீட்டில், பக்கத்துத் தெருவில் இருந்தோம். இரண்டு ஒப்பந்தமும் வீட்டில் ஒரே இடத்தில்தான் கிடக்கும். அவசரத்தில் பழையதை எடுத்துக் கொடுத்தது நானேதான். பெயர்களும் கையெழுத்தும் ஒன்றாக இருந்ததால் வக்கீலம்மாவும் கவனிக்கவில்லை. அது உள்ளே போயிருந்தால், இந்த வீட்டுக்கு ஒப்பந்தம் இல்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நடுக்கடையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கணவர் வந்த வண்டியிலேயே ராசிபுரம் போய்ச் சரியான ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். கோர்ட்டு மூடுவதற்குள் காகிதம் சேர்ந்துவிட்டது. அந்த முறை வக்கீலம்மா கட்டை என் கையில் கொடுக்கவே இல்லை.

மாசியில் வழக்கு தள்ளுபடியானது. "அப்பா எழுதிக் குடுத்தது எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் ஓனர் மகன்.

அம்மனை நம்பும் உறவுகளே, முன்பெல்லாம் கேட்டது கிடைத்தால் கும்பிடு, கிடைக்காவிட்டால் சண்டை என்று இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், வாய் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் தடங்கல் வந்தால், அவள் எதைத் தடுக்கிறாள் என்று இப்போது முதலில் பார்க்கிறேன். உங்கள் காரியமும் வாசல் வரை போய்த் திரும்பியிருந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். திட்டிக்கொண்டாவது அவளிடமே நில்லுங்கள். நான் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவள் என் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.