மிச்சம் வைத்த ஒரு நாள்

டிசம்பர் 23, காலை 7.40. திருச்சி விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டில் வருகை முத்திரை விழுந்தது. மை சற்றுப் பரவியிருந்தாலும் தேதி தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தேதிதான் எனக்கு முக்கியம்.

செப்டம்பர் 20ஆம் தேதி வேலைக்காக மஸ்கட் போனேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் திண்டுக்கல்லில் நாளிதழ் வேலை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், மஸ்கட் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் நான் கிளம்பிய நாள் வரை 173 ஆகிவிட்டது. 181 வரை இருக்கலாம் என்பதால் மீதி எட்டு நாள். 31ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்திருந்தேன். முப்பத்தொன்றில் இருபத்து மூன்று போனால் எட்டு.

ஆட்டோவில் பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கு முந்நூறு ரூபாய். அங்கிருந்து மணப்பாறை, வையம்பட்டி, வடமதுரை வழியாகத் திண்டுக்கல். நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மலைக்கோட்டைப் பாறை கண்ணில் பட்டபோது மணி பதினொன்றே கால். நாகல் நகர் வீட்டு வாசலில் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பத்து நிமிசம் லேட்டு," என்றார். முப்பத்திரண்டு ஆண்டு அரசுப் பேருந்து நடத்துநராக இருந்தவர். வயது எழுபத்தொன்று. இரண்டு ஆண்டுக்கு முன் இதயத்தில் அடைப்பு வந்து குழாய் வைத்திருக்கிறது. அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார்.

டிசம்பர் 26, காலை 11.00. சாலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஆடிட்டர் அலுவலகம். ஒட்டன்சத்திரத்துக்காரர். ஐம்பது வயதுப் பெண்மணி. கடவுச்சீட்டை வாங்கினார். கணினியைத் தொடவில்லை. சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார்.

"ஏனுங்க சார், ஒன்பது வருதுங்களே?"

"எட்டுதானே மேடம்?"

"கழிச்சா எட்டுங்க. எண்ணுனா ஒன்பது. வந்த நாளும் சேருமுங்க, போற நாளும் சேருமுங்க. மொத்தம் நூத்தி எம்பத்திரண்டு."

ஆயிரக்கணக்கான செய்திகளில் தேதி சரிபார்த்தவன் நான்.

"அப்ப முப்பதாம் தேதி கிளம்பிர்றேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "வீட்ல பெரியவங்க யாருங்க?"

"அப்பா மட்டும்தான்."

"ஒடம்பு?"

சொன்னேன்.

"அப்ப இருபத்தொன்பதே போயிருங்க. ஒரு நாள் கையில இருக்கட்டும். மார்ச் முடியறதுக்குள்ள ஒண்ணுன்னா வரணுமில்லீங்க? காலையில வந்து எறங்கி, அடக்கம் முடிச்சு, அன்னைக்கே ஏறிரலாம். நம்மகிட்ட கணக்குப் பாக்கற பார்ட்டியில ரெண்டு பேரு அப்படி வந்துட்டுப் போனாங்க."

கடுமையில்லாமல், படிவத்தில் கையெழுத்துக் கேட்பது போலத்தான் சொன்னார். டிக்கெட்டை மாற்ற நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஆனது.

டிசம்பர் 28, காலை 9.15. அப்பா அதிக நாள் ஓடிய தடம் திண்டுக்கல் – குஜிலியம்பாறை. அதில் என்னோடு ஒருமுறை பயணியாக உட்கார்ந்து போக வேண்டும் என்று ஃபோனில் பல முறை சொல்லியிருந்தார். 30ஆம் தேதி என்று வைத்திருந்ததை முன்னுக்குக் கொண்டுவந்தோம். அவரிடம் ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸ் இருந்தது. எனக்கு மட்டும் டிக்கெட், முப்பத்தைந்து ரூபாய். நடத்துநர் இளைஞர், அப்பாவிடம் வேலை பழகியவர்.

"அண்ணே, மகனா? எம்புட்டு நாள் லீவு?"

"ஏழு நாள் பாஸ்ல வந்துருக்கான்ப்பா. எட்டாம் நாளு ஃபைன்."

எரியோடு தாண்டியதும் இருபுறமும் மானாவாரி நிலம். அறுத்த சோளத்தட்டை கட்டுக்கட்டாக நின்றது. ஏன் இரண்டு நாள் முன்னதாகப் போகிறேன் என்று அப்பா கேட்டார். ஆடிட்டர் சொன்னதைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். சுற்றி வளைத்தது அவரிடம் செல்லவில்லை.

"அப்ப அந்த ஒரு நாளு எனக்கா?"

"பொதுவாச் சொன்னாங்கப்பா."

"ஏலே, பொதுவா வீட்ல நான் ஒருத்தன்தான இருக்கேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோவிலூர் வந்தது. பிறகு கேட்டார்: "மார்ச்சு எத்தனாந் தேதி வரைக்கும் செல்லும்?"

"முப்பத்தொன்னு."

"ஏப்ரல்ல செத்தா?"

"அப்பா..."

"சும்மா கேட்டேன் அப்பு. செல்லுற தேதி தெரிஞ்சு வச்சுக்கணும்ல."

குஜிலியம்பாறையில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, ஆளுக்கு எண்பது ரூபாய். முருங்கைக்காய்ப் பொரியல் வெஞ்சனம். தன் இலையிலிருந்ததைப் பாதி என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

டிசம்பர் 29, காலை 8.05. திண்டுக்கல் பேருந்து நிலையம், திருச்சி வண்டி. அப்பா பின்படிக்கட்டருகே நின்றார். நடத்துநர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது. அப்பா வண்டியின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்!" என்றார். ஓட்டுநர் அந்தக் குரலை நம்பி வண்டியை எடுத்துவிட்டார். டீ கிளாஸோடு நடத்துநர் ஓடி வந்து ஏறினார். அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், மஸ்கட்டில் விடுமுறை நாளில், அப்பாவின் அழைப்பு வரும். முதல் கேள்வி, "கையில இருக்குல்ல?" இருக்கிறது என்பேன். அதற்குப் பிறகுதான் மருந்து, மழை, மின்சாரக் கட்டணம். வேறு எந்த நாளிலாவது திண்டுக்கல் எண் திரையில் தெரிந்தால், எடுப்பதற்குள் என் மனம் திருச்சியில் இறங்கி, மணப்பாறை தாண்டியிருக்கும்.

ஏப்ரல் 1 புதன்கிழமை. காலையிலேயே கூப்பிட்டார். "நேத்தோட முடிஞ்சுச்சுல்ல? ஒரு நாளை இப்படி வீணாக்கிட்டியேலே."

"ஆமாப்பா. வீணாத்தான் போச்சு."

பிறகு மின்சாரக் கட்டணத்துக்குப் போனோம்.

இந்த நிதியாண்டுக்குச் சட்டம் புதிதாக நூற்றெண்பத்தொரு நாள் தந்திருக்கிறது. கம்பெனி தருவது முப்பது நாள். அதில் முதல் பயணத்தைச் செப்டம்பருக்கு வைத்திருக்கிறேன்.

ஜூலையில் ஆடிட்டர் ஃபோனில் இருக்க, வரிப் படிவத்தை மஸ்கட்டிலிருந்தே நிரப்பினேன். இந்தியாவில் இருந்த நாட்கள் என்ற கட்டம் வந்தது. 180 என்று போட்டுவிட்டுப் படித்துக் காட்டினேன்.

"அந்த ஒரு நாளு மிச்சம் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க மேடம்."

"ரொம்ப நல்லதுங்க," என்று சொல்லி அடுத்த கட்டத்துக்குப் போனார்.