பொம்மை ரயிலின் கேட்டு

ஆம்பூர் தோல் மண்டி முதலாளி சீமையிலிருந்து வரவழைத்த பொம்மை ரயிலை ஓட்டிக் காட்டுவது சாமிதாசின் வேலை. முன்பு அவர் ரயில்வே கேட்கீப்பர். ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுவந்த மனைவி ரோசம்மா, மெயில் வண்டிதான் போய்விட்டதே என்று மூடிய கேட்டுக்கடியில் எப்போதும்போல் குனிந்து நுழைந்தாள். பின்னாலேயே வந்த கூட்ஸ் வண்டி அடித்துவிட்டது. விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பச்சைக் கொடியை அவர் மறுபடி தொடவில்லை.

பொம்மைக் கேட்டுக்குத் தனி மோட்டார், தனி சுவிட்சு. சுவிட்சைத் தட்டி, கேட்டு கீழே இறங்கிய பிறகும், தண்டவாளத்தருகே கூடையோடு நிற்கும் பொம்மைப் பெண்ணை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் ரயிலை விடுவார்.

“அத்த ஏம்பா எடுக்குறே? கேட்டுதான் மூடியிருக்குதே?” என்றார் முதலாளி.

“அன்னிக்கும் மூடித்தான் இருந்துச்சி, மொதலாளி.”