காலை ஆறு மணிக் கைகள்

ஒச்சப்பன் ஒரு காலத்தில் எழுபத்திரண்டு ரூபாய் கடன்பட்டிருந்தார். வாங்கியது அவருடைய அப்பா. சித்தையன்கோட்டை தவசக் கடையில் விதைச் சோளத்துக்காக வாங்கியது. மழையும் கைவிட்டு, அப்பாவும் கண்ணை மூடியதும் மகன் தலையில் வந்து உட்கார்ந்தது. அப்போது மகனுக்குப் பதினேழு வயது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டிருந்தார். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு நடந்தே வந்து, நூல் மில்லில் பஞ்சுத் தூசி கூட்டும் வேலையில் சேர்ந்தார். மூன்றே வருடத்தில் வட்டியும் முதலுமாகக் கடனை அடைத்தார். சிபாரிசு என்று ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மாமன் மச்சான் என்று தூக்கிவிட ஒரு கை கிடையாது. விளக்குமாறு பிடித்த அதே மில்லில் முப்பது வயதில் மேஸ்திரி ஆனார். பி.ஏ. படித்த கிளார்க்குகூட அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார். இதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மேஸ்திரிக்கு வேலை ஆள் எடுப்பது. விடிகாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும்போது கேட்டுக்கு வெளியே நூறு பேராவது நிற்பார்கள். ஒச்சப்பன் வரிசையைப் பார்த்தபடி நடப்பார். மடியிலிருந்து நூலை எடுத்து, அறுத்து, "ஒட்டு பாப்போம்" என்று நீட்டுவார். விரல் போகிற போக்கைப் பார்த்தே "நீ உள்ள வா, நீ போயிட்டு வா" என்று பிரித்துவிடுவார். ஓர் ஆளுக்கு அரை நிமிஷம். "வைத்தியன் நாடி பிடிச்சுச் சொல்றத நான் வெரலப் பாத்துச் சொல்லிருவேன்" என்பது அவர் வாயில் தினமும் வருகிற பேச்சு. அவர் எடுத்த ஆள் சோடை போனதில்லை. மானேஜரே இதை வெளியூர்க்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார்.

அறுபத்தாறாம் வருடம் அந்தப் பெருமைக்கு ஒரு சோதனை வந்தது. மழை இரண்டு வருடமாகப் பொய்த்திருந்தது. ரேஷன் கடையில் கப்பலில் வந்த சோளம் போட்டார்கள். மில்லில் நாற்பது பேர் தற்காலிகமாக வேலை பார்த்துவந்தார்கள். அவர்களில் பன்னிரண்டு பேரை நிரந்தரமாக்கி, மற்றவர்களைக் கணக்கு முடித்து அனுப்புவதென்று முடிவானது. ஆளைப் பொறுக்க மேஸ்திரியின் கண் போதாது, விஞ்ஞான முறை வேண்டும் என்றார் முதலாளியின் மகன். மெட்ராஸில் மனோதத்துவம் படித்து எம்.ஏ. வாங்கிய சூசை என்பவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். முப்பது வயதுகூட இராது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

பெட்டிக்குள் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் ஐம்பது துளைகள். கூடவே ஒரு கிண்ணம் நிறையச் சின்னச் சின்னப் பித்தளை முளைகள். இரண்டு நிமிஷத்தில் எத்தனை முளைகளைத் துளையில் நிறுத்துகிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். எண்ணிக்கைதான் ஆளின் தரம். ஒச்சப்பனுக்குக் கொடுத்த வேலை, கீழே விழுகிற முளைகளைப் பொறுக்கிப் போடுவது. இருபது வருடம் ஆளைப் பொறுக்கியவர் முளையைப் பொறுக்கினார்.

நடந்து வருகிற இருபது பேருக்குக் காலை ஆறு மணிக்கே சோதனை. வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து மில் பஸ்ஸில் வருகிற இருபது பேருக்குப் பத்து மணிக்கு. நடந்து வந்தவர்களில் அங்காளம்மாள் ஒருத்தி. புருஷன் செத்து, இரண்டு பிள்ளைகளோடு நாலு மைல் தள்ளி ஒரு பட்டியில் இருந்தாள். அறுந்த இழையை ஒட்டுவதில் மில்லிலேயே அவளுக்கு நிகர் கிடையாது. வேலை போனால் ரோட்டில் ஜல்லி உடைக்கப் போக வேண்டியதுதான். அதுவும் அந்த வருடம் கிடைப்பதாக இல்லை. அவள் நிறுத்தியது இருபத்தொன்பது முளை. பஸ்ஸில் வந்தவர்களில் மட்டமானவனே முப்பத்தெட்டு நிறுத்தினான்.

"சார், ஒங்க பலகைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்றார் ஒச்சப்பன்.

சூசை சிரித்தார். "பலகைக்குக் கண்ணே கிடையாது மேஸ்திரி. அதுதான் அதோட பெருமை. சாதி பாக்காது, சிபாரிசு பாக்காது."

"வேலையவும் பாக்காது போல."

அன்று பதினோரு மணிக்கு, பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் அங்காளம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். ஒச்சப்பன் அங்கேயே போய் நின்றார்.

"ஏத்தா, காலையில என்ன வந்துச்சு ஒனக்கு? முளையெல்லாம் சோழி உருட்டுற மாதிரி உருட்டுனியே. என் மானம் போச்சு."

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுண்ணே. இப்பத்தான சாப்புடுறேன்."

"காலையில சாப்புடலயா?"

"காலையில இருக்குறது புள்ளைகளுக்கு. இது எனக்கு." அவள் கேப்பைக் களியை உருட்டியபடி சிரித்தாள். "நான் கெட்டிக்காரிண்ணே. பதினோரு மணிக்குச் சாப்புட்டா மறுநா பதினோரு மணி வரைக்கும் தாங்கும். செத்த முன்னால சாப்புட்டாத்தான் வம்பு."

"நாள் முச்சூடும் இதான் சாப்பாடா? அப்பறம் எப்பிடித்தா வேல பாக்குற?"

"நீங்க பாக்க வாரது எப்பவும் பன்னெண்டு மணிக்கு மேலதான?"

அதுவும் சரிதான். காலையில் கேட்டில் ஆள் எடுத்து முடித்து, பஞ்சு எடை பார்த்து, மத்தியானம்தான் அவர் உள்ளே சுற்றுவார். ஒச்சப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"ஒன்னய வேலைக்கு எடுத்த அன்னைக்கு மின்னல் மாதிரி ஒட்டுனியே. அது காலையிலதான?"

"காலையிலயா! நல்லா ஞாபகம் வச்சிருக்கீக. காலையில நான் வரிசையில நிக்கிறப்பவே கேட்டச் சாத்திட்டாக. மாதா கோயில் திருவிழாவுல சோறு போட்டாக, வயிறாரத் தின்னுட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தேன். நீங்க வெத்தல போட்டுக்கிட்டு நின்னீக. 'இவ வெரலப் பாருய்யா'ன்னு வாட்ச்மேன்கிட்ட காட்டுனீக."

அவள் சட்டியைக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டு எழுந்து போனாள். ஒச்சப்பன் அங்கேயே நின்றார். இருபது வருடமாகக் கேட்டில் காலை ஆறு மணிக்குக் கை பார்த்தவர் அவர். சோறு தின்னாத கைகளையா அத்தனை வருடமும் திருப்பி அனுப்பினோம்? பஞ்ச காலம் வந்தால் "இந்த வருசம் நல்ல ஆளே வரலய்யா" என்று அலுத்துக்கொண்டதெல்லாம் ஞாபகம் வந்தது. தன் சொந்த ஊர்க்காரன் ஆண்டிச்சாமி ஒருநாள் வந்து நின்றான். விரல் நடுங்கியது. "ஒனக்கு இது ஒத்து வராதுப்பா" என்று முதுகில் தட்டி அனுப்பினார். போகிறவன் கேட்டுப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் குடித்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடி குடித்தான். மூன்றாம் முறையும் குடித்தான். என்ன தாகம் இவனுக்கு என்று நினைத்துக்கொண்டே ஒச்சப்பன் காபி குடிக்கப் போனார். அதற்கப்புறம் ஆண்டிச்சாமியை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் சூசையிடம் போனார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"சார், இந்தப் படிப்புல மனசு எங்க இருக்குன்னு சொல்லிக் குடுக்குறாங்க?"

"ஆளுக்குள்ள. ஒவ்வொருத்தருக்கும் ஒரு திறமை இருக்கு, அத அளக்கலாம். அதுலதான் எங்க பாடமே ஆரம்பிக்குது."

"ஆளுக்கு வெளிய என்ன இருக்குன்னு பாக்க மாட்டீகளா? நாலு மைலு நட, ரெண்டு புள்ள, ஒரு சட்டி களி?"

சூசை கண்ணாடியைக் கழற்றினார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"புஸ்தகத்துல அதுக்கு ஒரு வார்த்த இருக்கு மேஸ்திரி. பிழைன்னு போட்டிருக்கும். கழிச்சுடச் சொல்லுவாங்க."

"கழிச்சுட்டா அங்காளம்மாளும் சேந்துல்ல கழியுது? சரி, இம்புட்டுத் தூரம் படிச்சிருக்கீக, யாருக்காகப் படிச்சீக? ஒங்களுக்குக் கூலி யாரு குடுக்குறா?"

"மில்லு."

"அப்ப மில்லு கேட்டதுக்குத்தான பலகை பதில் சொல்லும். எனக்கும் மில்லுதான் கூலி குடுத்துச்சு. நானும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்." அவர் எழுந்தார். "நாளைக்குக் காலையில அந்த இருவது பேருக்கும் இன்னொருக்க வைங்க. சங்கு ஊதுறதுக்கு முந்தி நான் கஞ்சி கொண்டாரேன்."

வீட்டில் அவர் மனைவி கண்ணம்மாள் படியில் அரிசியை அளந்துகொண்டே குத்திக் காட்டினாள். "ஊரையே கண்ணால அளந்த மனுசன்! இருவது வருசம் கழிச்சு இப்பத்தான் வயிறுன்னு ஒண்ணு இருக்குறது தெரிஞ்சுச்சாக்கும்?" அவர் அண்டாவைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினார். ஐம்பது வயதுக்கு அந்த அண்டா கனத்தது.

கஞ்சி குடித்து அரை மணி நேரம் கழித்துச் சோதனை வைத்தார்கள். அங்காளம்மாள் நாற்பத்தாறு நிறுத்தினாள். மற்றவர்களுக்கும் பத்தும் பன்னிரண்டும் ஏறியது. இரண்டாம் தடவை கை பழகியிருக்கும் என்று சந்தேகப்பட்டு, பஸ் ஆட்களுக்கும் மறுபடி வைத்துப் பார்த்தார் சூசை. அவர்களுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் ஏறவில்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனார். ஒச்சப்பனும் கூடப் போனார்.

மானேஜர் படித்துப் பார்த்து முகம் மலர்ந்தார். "பலே! அப்ப விஷயம் சுலபம். காலையில சாப்பிட்டு வர்ற ஆளா எடுத்துக்குவோம். பஸ் ஆளுங்கள்லயே பன்னிரண்டு பேர் தேறிடுவாங்க."

"சார், நான் சொல்ல வந்தது அது இல்ல" என்றார் சூசை. "இவங்கள்ல யாரும் மட்டம் இல்லங்குறதத்தான்..."

"நீங்க சொல்ல வந்தது எதுவா இருந்தா என்ன? நான் கேட்டதுக்கு விடை வந்துடுச்சு. மில்லு என்ன கஞ்சித் தொட்டியா?"

"அந்த லிஸ்டுல என் கையெழுத்து வராது சார்."

"வேண்டாம்." மானேஜர் நாற்காலியைத் திருப்பினார். "எங்க ஒச்சப்பன் கண்ணுக்கு முன்னால ஒங்க கையெழுத்து எம்மாத்திரம்? ஒச்சப்பா, பஸ் ஆளுங்க பன்னிரண்டு பேர்னு நீ ஒரு வார்த்த சொல்லு. முதலாளி மகனும் பேச மாட்டார்."

எம்.ஏ. பட்டத்தைத் தள்ளிவிட்டு நாலாம் வகுப்பைக் கூப்பிடுகிறார்கள். இப்படி ஒரு வார்த்தைக்காக ஒச்சப்பன் எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருப்பார். வாசலில் கிளார்க்குகள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"என் கண்ணு சரியில்லீங்க."

"கண்ணாடி வாங்கிப் போடு."

"அந்தக் கண்ணு இல்லீங்க. இருவது வருசமா நான் ஆளு பாக்கவே இல்ல. யாரு சாப்புட்டிருக்கா, யாரு சாப்புடலன்னு பாத்திருக்கேன். அது எனக்கே தெரியல. தெரிஞ்சப்பறம் எப்பிடிங்க பொறுக்குறது?"

"பின்ன எத வச்சு எடுக்குறதாம்?"

"வேலைக்குச் சேந்த அன்னைக்குக் குடுத்த டோக்கன் நம்பர வச்சு எடுங்க. முந்தி வந்தவங்களுக்கு முந்தி."

மானேஜர் மேஜையைத் தட்டினார். "ஒன் கண்ணு சரியில்லன்னா ஒனக்கு எதுக்குய்யா மேஸ்திரிப் படி?"

"அதுவும் நியாயந்தாங்க" என்றார் ஒச்சப்பன்.

அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் மில் முழுக்கப் பரவியது. தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வெகுநாளாகக் கேட்டுவந்ததே டோக்கன் வரிசைதான். மேஸ்திரியே சொல்லிவிட்டார் என்றதும் கேட்டில் கொடியோடு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் மானேஜர் இறங்கி வந்தார். டோக்கன் வரிசைப்படி பன்னிரண்டு பேர். நடந்து வந்தவர்கள் ஏழு, பஸ்ஸில் வந்தவர்கள் ஐந்து. அங்காளம்மாளுடைய டோக்கன் ஒன்பதாவது. மீதி இருபத்தெட்டுப் பேருக்குக் கணக்கு முடித்தார்கள். அவர்களுக்கு ஒச்சப்பனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்களில் ஒருவன் அவர் முகத்துக்கு நேரே, "ஒம்ம கண்ணு என்னயத் தேர்ந்தெடுத்திருக்கும்யா, கெடுத்திட்டீரே" என்று சொல்லிவிட்டுப் போனான். அதையும் வாங்கிக்கொண்டார்.

சூசை தகரப் பெட்டியோடு பஸ் ஏறும்போது, "இனிமே பாடம் எடுத்தா எங்கேருந்து ஆரம்பிக்குறதுன்னு தெரியல மேஸ்திரி" என்றார்.

"மொதல்ல சாப்டியான்னு கேட்டு ஆரம்பிங்க சார். அப்பறம் என்னத்தையும் அளங்க."

மறு மாதம் ஏழாம் தேதி சம்பளம். ஒச்சப்பன் எடை போடும் இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். சம்பள ஜன்னலில் எல்லோரையும் போல வரிசையில் நின்றார். மேஸ்திரிப் படி போனதில் இருபது ரூபாய் குறைவாக வந்தது. எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் வலிக்கவே சுவரோரம் சாய்ந்து நின்றார்.

"அங்காளம்மாள்" என்று கூப்பிட்டார் கிளார்க். தற்காலிக ஆட்களின் கூலியை மேஸ்திரி கையில்தான் கொடுப்பார்கள். அவர் தன் பங்காக ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவது மில்லில் நடந்துவந்த வழக்கம். பழக்க தோஷத்தில் கிளார்க் பணத்தை ஒச்சப்பன் பக்கம் நீட்டினார்.

"எங்கிட்ட எதுக்குப்பா? அது கையிலயே எண்ணிக் குடு" என்றார் அவர்.

அங்காளம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். கிளார்க் விரலை எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். பத்து, இருபது, முப்பது. தொண்ணூறு வரைக்கும் பத்து ரூபாய் நோட்டு. அதன்மேல் நாலு ஒற்றை ரூபாய். கடைசியாக ஒரு ஐம்பது பைசாவை உள்ளங்கை நடுவில் வைத்தார்.