மச்சான் தின்னாத மஞ்சள் கரு

அவித்த முட்டையைப் பீங்கான் விளிம்பில் தட்டும்போது ஒரு சத்தம் வரும். ஓடு விலகியதும் ஆவியோடு ஒரு வாசம்... சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், நான் குசினி வாசலில் நிற்பேன்.

கம்பஸில் ஒன்றாய்ப் படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில், முட்டையில் வெள்ளையா மஞ்சளா என்று இரண்டு நாளாகச் சண்டை நடக்கிறது. நான் அங்கே வாய் திறக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சாய்ந்தமருது வீட்டில் உம்மா தையல் நூலை இழுத்துப் பிடித்துத்தான் முட்டையை அறுப்பார். மஞ்சள் உதிராது. காக்கா, அதுதான் அண்ணன், வெள்ளைக்கு அடித்துக்கொள்வார். எனக்கு மஞ்சள். வாப்பா முழு முட்டையை மிளகுத்தூளில் புரட்டி ஒரே வாயில் போடுவார். அக்காவுக்கு, எங்கள் வழக்கில் ராத்தாவுக்கு, எதுவானாலும் சரி.

உம்மா முட்டையே தின்னமாட்டார். பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வளர்ந்த பிறகு விசாரித்துப் பார்த்தேன். அவருக்கு அந்த வாசம் பிடிக்காது, அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயதளவில் ராத்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மச்சான் வரிப்பத்தான்சேனைக்காரர். எங்கள் ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். சரியான கூச்சக்காரர்.

புதுமாப்பிள்ளை சாப்பாட்டில் மிச்சம் வைத்தால், பெண் வீட்டில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கதை மதில் தாண்டப் பெரிய நேரம் எடுக்காது. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்கும் வழக்கமும் அப்போது எங்கள் வீட்டில் இல்லை. உம்மா குசினித் திரைக்குப் பின்னால் நின்று, திரும்பி வரும் பீங்கானைத்தான் பார்ப்பார். சொல்ல வேண்டியது எதுவோ அது ராத்தா வழியாகப் போகும், வரும்.

முதல் நாள் காலை இடியப்பத்தோடு இரண்டு முட்டை வைத்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். வெள்ளை முழுதும் முடிந்திருந்தது. உருண்டை உருண்டையாக இரண்டு மஞ்சள் மட்டும் பீங்கானில் கிடந்தன. மச்சான் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ள, மஞ்சள் தின்னுவியா?"

"ஓம்."

எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

வெறும் பீங்கானைக் கண்டு உம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மருமகனுக்கு முட்டை என்றால் உயிர் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் செய்தி போனது. மூன்றாவது முட்டையும் வந்தது. மச்சானின் முகம் சுருங்கியது. என் கன்னம் உப்பியது...

அப்போதுதான் எனக்குக் கொப்பளிப்பான் போட்டது.

வேப்பிலையும் நானுமாகப் பின் அறையில் கிடந்தோம். மச்சான் தனித்துப் போனார். ராத்தாவிடம் சொல்லலாம், ஆனால் அது நேரே உம்மாவிடம் போகும். வந்து கொஞ்ச நாளில் மாமியின் சாப்பாட்டில் குறை சொன்ன மாப்பிள்ளை என்று பெயர் வாங்க அவருக்குப் பயம்.

என் ஜன்னலில் இருந்து பார்த்தால், மச்சான் சாப்பிடும் முன் அறையின் ஜன்னல் தெரியும். ஒரு காலையில் அதற்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. மஞ்சள் விழுந்தது. எங்கள் கோழிகள் நாலும் ஓடி வந்தன.

சில நாளில் கூட்டில் முட்டை இல்லாமல் போனது. உடைந்த ஓடு மட்டும்தான் கிடந்தது. கீரி என்றார் வாப்பா. கண்ணூறு என்றார் பக்கத்து வீட்டு மாமி. முட்டையின் ருசி கண்ட கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கும் என்பது உம்மாவுக்குத் தெரியும். ஆனால் ருசி காட்டியது யார்?

எனக்குத் தெரியும். சொன்னால், மாமி ஆக்கிப் போட்டதை மாப்பிள்ளை கோழிக்கு எறிந்தார் என்றாகிவிடும். மச்சான் தலை நிமிர்ந்து அந்த வீட்டில் இருக்க முடியாது. நான் வாயை மூடிக்கொண்டு கொப்புளத்தைச் சொறிந்தேன்.

மறுநாள் காலை உம்மா ஓதின தண்ணீர்ச் சட்டியோடு முற்றத்துக்கு வந்தார். கூட்டைச் சுற்றித் தெளித்தார். கோழிகள் ஏன் முன் அறை ஜன்னலுக்குக் கீழே காத்து நிற்கின்றன என்று பார்க்கப் போனார்.

மஞ்சள் அவருடைய காலடியில் விழுந்தது.

உம்மா நிமிர்ந்தார். மச்சான் குனிந்தார். இடையில் திரை எதுவும் இல்லை. நான் என் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

"மாமி... மஞ்சள் எனக்குத் தொண்டைக்குள்ள இறங்குதில்ல. வெள்ளதான் தின்னுவன்."

அவர் உம்மாவோடு கதைத்த முதல் கதை அது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கோழிகளைப் பார்த்தார்.

"இத மொத நாளே ஒரு சொல்லு சொல்லியிரிந்தா, மகன், என்ட கோழியெல்லாம் தப்பியிரிக்கும்."

ருசி கண்ட கோழி திருந்தாது. ஒவ்வொன்றாகக் கறிச்சட்டிக்குப் போயின. மச்சான் ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. அதன் பிறகு அவருக்கு வெள்ளை, எனக்கு மஞ்சள் என்று உம்மாவே பிரித்து வைப்பார். பகிரங்கமாகத் தின்றபோது மஞ்சளுக்கு முன்பிருந்த ருசி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது முட்டை கடையில் இருந்து தட்டுத் தட்டாக வருகிறது. எல்லா மஞ்சளும் ஒரே வெளிர் நிறம். எனக்குக் கொலஸ்ட்ரோல் கூடுதல் என்று டொக்டர் வெள்ளை மட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை என்னைவிட ராத்தாதான் கவனமாகக் கேட்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். குசினித் திரை இருந்த இடத்தில் இப்போது கதவு. ராத்தா உள்ளே நின்றார். மச்சானும் நானும் வெள்ளையைத் தின்று முடித்தோம். அவருடைய இரண்டு மஞ்சள், என்னுடைய ஒன்று... எல்லாம் நடுப் பீங்கானில்.

மச்சானின் தாடி முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் அதே பார்வை. முதலில் கதவை, பிறகு என்னை.

நான் தின்றேன். மூன்றையும்.

ராத்தா வந்து பீங்கானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் நிறைய இருந்ததால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன, இந்த வயசுல மஞ்சள் தின்னப் பழகிட்டீங்களா?" என்று அவர் மச்சானிடம் கேட்டார்.

மச்சான் ஆறுதலாக ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"ஓம்."