பிரேக் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் காருக்குப் பதினைந்து வயது முடிந்த வருஷம், அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். நாளெல்லாம் லாரிகளை ஊர் ஊராக அனுப்பினாலும் அவருக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது. காரை ஓட்டியது அம்மாதான். எடப்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். நானும் அங்கேதான் படித்தேன். கார் போய்விட்டால் இருவரும் இரண்டு பஸ் மாற வேண்டும். கடைசியில், புதன்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரியென்றால் கார் இருக்கட்டும், இல்லாவிட்டால் காயலான் கடைதான் என்று முடிவானது.

அதற்கு முந்தின ஞாயிறு அம்மாவின் தம்பி வந்தார். மாமா லாரி மெக்கானிக். எங்கள் காரைப் பொம்மையைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். அதன் ஒவ்வொரு மூலையையும் இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். மற்ற மூலைகள் ஒருமுறை எழும்பி அடங்கிவிட்டன. பின்பக்க இடது மூலை மட்டும் தொட்டில் போல ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடித்துப்போய், பம்பரில் ஏறி நின்று ஆடினேன்.

"அந்த ஷாக் அப்சார்பர் போயிருச்சுங்கக்கா, மாத்தீரலாம். பிரேக்கை ஓட்டித்தான் பாக்கோணும்," என்றார் மாமா.

ஊருக்கு வெளியே சேகோ ஃபேக்டரியின் களத்துக்குப் போனோம். மரவள்ளிக் கிழங்கு வரத்து இல்லாத மாதம். சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் கிழங்கு பிழிந்த சக்கை, திப்பி என்போம், காய்ந்து குவிந்திருந்தது. அப்பாவும் வந்திருந்தார், கார் தோற்பதை நேரில் பார்க்க. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் மாமாவும் தள்ளி நின்றோம்.

மாமா கையைத் தூக்கியதும் அம்மா பிரேக்கை அழுத்தினாள். கார் இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு போய்த் திப்பிக் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. அப்பா பக்கத்து ஜன்னல் வழியே புகுந்த வெள்ளைத் தூசி அடங்கியபோது அவர் மீசையிலிருந்து சட்டைப் பை வரை வெளுத்திருந்தார்.

"ஏனுங்க, அடி ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்பதற்குள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல. நானும் மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன்," என்றார் அப்பா. அவர் காலடியில் மிதிப்பதற்கு எதுவும் இல்லை.

மாமா வலதுபக்க முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் ஆயில் கசிந்து உள்ளே நனைந்திருந்தது. அந்தப் பக்கம் பிடிக்காததால்தான் வண்டி இடதுபக்கம் இழுத்திருக்கிறது. மாமா பைக்கில் போய்ப் புதுச் சாமான் வாங்கிவந்து மாட்டினார். பிறகு ஆயில் பைப்பில் இருந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அம்மா ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் எட்டவில்லை. அப்பாதான் ஏறினார்.

"மிதிங்க மச்சான். புடிச்சுக்கங்க. இப்ப வுடுங்க."

யார் சொன்னதையும் அப்பா அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. வேலை முடிந்து மாமா கை கழுவிய பிறகும் அப்பா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி காலிக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். அம்மா ஜன்னலருகே வந்து, அவசரப்படுத்தாமல் நின்றாள்.

ஷாக்கையும் மாற்றியபின் புதன்கிழமை கார் பாஸாகிவிட்டது. அப்பா அப்புறம் காயலான் கடைப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, "பிரேக் பாத்துட்டு வாரோம் சாமி," என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனார்கள். திரும்பும்போது அப்பாவின் சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கும். எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டார் என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

என் திருப்திக்காக மாமா காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"பிரேக் நல்லாத்தான் இருக்குது சாமி," என்றார் எழுந்து. "மிதிக்கிற கால்தான் இன்னும் பழகோணும்."

இத்தனை வருஷம் ஓட்டியும் அம்மாவுக்குக் கால் பழகவில்லையே என்று எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. மறுநாள் பள்ளிக்குப் போகும்போது, அவளுக்குத் தெரியாமல், சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.